வெட்ட விடாத முறங்கள்

போன வாரம் உங்களில் இரண்டு பேர் திருப்பூர் நல்லூரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். கம்பெனியில் விழா எடுக்கிறோம், கிராமத்துக் கைத்தொழில் பொருட்களை முதலில் ஏற்றுமதிக்குக் கொண்டுவந்தவர் நீங்கள்தானாமே, அவசரமான நேரத்தில் எப்படி முடிவெடுப்பது என்று மேடையில் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்றீர்கள். ஒருவர் கையிலிருந்த சாவிக் கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "ஷோரூம் சாவி, கண்ணாடிப் பெட்டிச் சாவி எல்லாம் இதுலதானுங்க சார். இதத் தொலைச்சா என்னையத் தொலைச்சுப் போடுவாங்க" என்று சிரித்தார். பிறகு கைப்பேசியில் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். நம் வரவேற்புக் கூடத்தில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கும் படம். ஓர் அம்மா சின்ன முறம் ஒன்றை மார்போடு அணைத்தபடி சிரிக்கிறார். அதே முறம் படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

"இந்தம்மா யாருங்க சார்? பேரு தெரிஞ்சா கீழ போட்றலாம்."

தெரியாது என்றேன். ஞாபகம் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதைக்கூடச் சொல்லாமல், தெரியாது என்றேன். நீங்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதில் பெரும்பங்கு என்மேல். கொஞ்சம் உங்கள்மேலும் உண்டு. தினமும் அந்தப் படத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறீர்கள். விழா என்று வந்த பிறகுதானே பெயர் கேட்கத் தோன்றியது? அவர் பெயர் பழனியம்மாள். மேடையில் நான் சொல்லப்போவதில்லை என்று நினைத்ததை இங்கே எழுதுகிறேன். தர ஆய்வுக்கும் மெர்ச்சண்டைசிங்குக்கும் புதிதாக வந்திருப்பவர்கள் எல்லோரும் படியுங்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டுச் சாயப்பட்டறை வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். பிறகு பனியன் கம்பெனியில் தர ஆய்வுக்கு மாறினேன். துணியில் ஒரு நூல் விலகியிருந்தாலும் இவர் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர் புதிதாக ஒன்று கேட்டார். டி-சர்ட்டை மடித்து வெறும் பிளாஸ்டிக் உறையில் போடக் கூடாது. கிராமத்தில் கையால் செய்த ஏதாவது ஒரு பொருளின்மேல் வைத்து, பரிசுப் பெட்டியாக அனுப்ப வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நம்ம கம்பெனியில நீங்கதானுங்க நெறையாப் படிச்சவரு. என்னமோ ஒண்ணு பாத்துக் கொண்டாங்க" என்றார்.

மடத்துக்குளம் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக மூங்கில் வேலை செய்யும் தெரு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்கு வீடு வாசலில் உட்கார்ந்து கூடையும் முறமும் முடைந்துகொண்டிருந்தார்கள். பழனியம்மாள்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார். ஐம்பதை நெருங்கிய வயது, கணவர் இல்லை, ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் பக்கத்தில் கொழுந்தன் சின்னராசு மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார்.

நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் "சின்னச் சொளகு கிடைக்குமா?" என்று கேட்டேன். பழனியம்மாளுக்குப் புரியவில்லை. கையால் புடைத்துக் காட்டினேன்.

"மொறமுங்களா? பனியன் கம்பெனிக்கு மொறம் எதுக்குங்க சார்? பனியனப் பொடைக்கப் போறீங்களா?"

"பொடைச்சா பதருதான் நெறையா வரும்" என்றார் சின்னராசு. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பழனியம்மாள் தன் கையில் முடைந்து முடித்திருந்த சின்ன முறத்தைக் கொடுத்தார். நேர்த்தியாக இருந்தது. "இது என்ன அளவும்மா?" என்று கேட்டேன். "சாணும் நாலு வெரலுமுங்க" என்றார். என் கண் முன்னாலேயே விரலை விரித்து வைத்துக் காட்டினார். நான் அளவு நாடாவை எடுத்து, அந்த முறத்தைச் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டேன். அதையே சாம்பிளாக எடுத்து, பையரின் ஒப்புதல் வாங்கி, சீல் வைத்து, அந்த அளவுக்கே பரிசுப் பெட்டியும் செய்யக் கொடுத்தோம்.

என் தவறு அந்த இடத்தில் தொடங்கியது. சாண் என்பது அளப்பவரின் சாண். அவர் கை சின்னக் கை. அந்தத் தெருவில் எல்லோரும் அவரவர் கையால்தான் அளப்பார்கள், தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். சந்தையில் முறம் வாங்குகிறவர்களும் விரல் கணக்குப் பார்த்து வாங்குவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. விரலை விரித்து அளப்பதை நேரில் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒரே ஒருவரின் முறத்தை அளந்து, தெரு முழுவதற்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தேன். "இதே மாதிரி" என்றேன். பனியன் கம்பெனியில் "இதே மாதிரி" என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆர்டரை ஏற்பதில் அவர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. தை மாதச் சந்தைகள் வரும் நேரம். எங்கள் வேலையை எடுத்தால் சந்தைக்குச் சரக்கு இருக்காது. வருடாவருடம் வாங்குகிறவர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். சின்னராசுவுக்கு விருப்பமே இல்லை. பழனியம்மாள்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினார். நான் மறுபடி போனபோது, என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க சார், என்ற பேச்ச நம்பித்தானுங்க எல்லாரும் சந்தைய உட்டுட்டு உக்காந்துக்கறாங்க. பாதியில கையுட்ற மாட்டீங்களே?"

"என் பொறுப்பும்மா" என்றேன்.

இந்த வார்த்தையைத் தயவுசெய்து சுலபமாகச் சொல்லாதீர்கள். அவருடைய தெருவில் அவருக்கு என்ன மரியாதை இருந்ததோ, அது முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

சரக்கு வந்த நாளில் தெருக்காரர்கள் பலரும் வண்டியோடு வந்தார்கள். முதலாளிதான் வரச் சொல்லியிருந்தார். பையரின் ஆளும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார், சாப்பாடு, படம் எல்லாம் ஏற்பாடு. எந்தக் கட்டு எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக, நாங்கள் கொடுத்த பனியன் கழிவுத் துணியை வீட்டுக்கு ஒரு நிறமாகக் கட்டியிருந்தார்கள். பழனியம்மாளின் கட்டுகள் சிவப்பு. அவற்றிலிருந்து ஒரு முறத்தை உருவிக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். "அம்மா, சிரிங்க" என்று சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. நீங்கள் பார்க்கும் சிரிப்பு அது. நடிப்பு இல்லை.

படம் எடுத்து முடித்ததும் பையரின் முத்திரையை விளிம்பில் பதிக்கச் சொன்னேன். ஆய்வு முடிந்த பிறகுதான் பதிக்க வேண்டும். ஷிப்மென்ட் அவசரத்தில் முன்னாலேயே பதித்துவிட்டோம். இது என் இரண்டாவது தவறு. பிறகு பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்கள். சிவப்புக் கட்டு முறங்கள் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன. பச்சைக் கட்டு போகவில்லை. மஞ்சள் போகவில்லை. நீலத்தை ஒரு பையன் அழுத்திப் பார்த்தான், விளிம்பு மடங்கியது.

பேக்கிங் ஹாலில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஓரமாகப் போய், அட்டைப்பெட்டி போடுகிறவருக்குப் போன் செய்தேன். "அளவக் கொஞ்சம் பெரிசு பண்ணிக் குடுத்தறலாமுங்க. ரெண்டு நாள் குடுங்க போதும்" என்றார் அவர். ஆக, வழி இருந்தது. அதை நான் தெரிந்துகொண்டுதான் ஹாலுக்குத் திரும்பினேன்.

முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னங்க சார் இது? யாரு தப்பு?"

பையரின் ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒருவர் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். பையர் முன்னால் கம்பெனி தப்பு செய்யாது, தப்பு எப்போதும் வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்துதான் வரும் என்பார். அந்தப் பாடத்தை வைத்துத்தான் நான் பதவி உயர்வுகள் வாங்கினேன். இன்று உங்களுக்கும் யாராவது அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நான் அன்று அந்தப் பேச்சைக் கேட்டேன். "சாம்பிள் குடுத்தாச்சு சார். அவங்க ஃபாலோ பண்ணல" என்றேன்.

பழனியம்மாள் முன்னால் வந்தார். "ஏனுங்க சார், சாணும் நாலு வெரலும்னுதானுங்க சொன்னேன். நீங்களும் பாத்தீங்கல்லங்க. அவங்கவங்க அப்படித்தானுங்க போட்டிருக்கறாங்க. வேற அளவு ஏதாச்சும் சொன்னீங்களா?"

"சாம்பிள்தாம்மா அளவு" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்போதுதான் சின்னராசு சிரித்தார். முதல் நாள் சிரித்த சிரிப்பு இல்லை. அண்ணன் மனைவியை அங்கே நங்கையா என்பார்கள். "நம்ம நங்கையா கைக்கு மட்டும் கம்பெனி அளவு தெரிஞ்சிருக்குது பாருங்க" என்றார். "சாம்பிளும் அவங்களுது, பாஸாகறதும் அவங்களுது. நாமெல்லாம் கூடச் சேந்து தாளம் போட வந்தவீங்க."

எல்லோரும் சிவப்புக் கட்டுகளையே பார்த்தார்கள்.

ஏற்றுமதியில் ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டிருப்பீர்கள். பையரின் முத்திரை விழுந்த பொருள் தேறவில்லை என்றால், அது வெளிச் சந்தைக்குப் போகக் கூடாது. வெட்டிவிட வேண்டும். பனியனைக் கட்டிங் டேபிளில் போட்டு வெட்டுவோம், ஒருவருக்கும் வலிக்காது. பையரின் ஆள் முறங்களையும் வெட்டச் சொன்னார். முத்திரையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா என்று நான் கேட்கக்கூட இல்லை. "வெட்டுங்க" என்று கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். அவர், "மொறத்துல கத்திய வெக்கச் சொல்றீங்களேங்க" என்று முனகினார். மறுபடியும் சொன்னேன். செய்தவர்கள் சுற்றி நிற்க, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துக் குறுக்கே வெட்டினார்கள். மூங்கில் வெட்டுப்படும் சத்தம் துணி வெட்டுப்படும் சத்தத்தைப் போல இல்லை.

இதுவரை சொன்னதைத்தான் நான் என் மனதுக்குள் குற்றம் என்று வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் எங்கள் தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது, இதை நினைத்துக்கொண்டு முணுமுணுப்பேன். நூறு பேர் குரலில் அதுவும் கரைந்துபோகும். ஆனால் பெரிய குற்றம் அதற்கு அடுத்து நடந்தது.

பழனியம்மாள் போய்ச் சிவப்புக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெட்டும் மேசைமேல் வைத்தார்.

"என்ற மொறத்தையும் வெட்டுங்க" என்றார்.

கட்டிங் மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சார், என்றதையும் வெட்டச் சொல்லுங்க. இல்லீன்னா நானே வெட்டிக்கறனுங்க. கத்திரியக் குடுங்க போதும்."

அவர் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். தெருக்காரர்களோடு அதே வண்டியில் அவர் திரும்பிப் போக வேண்டும். எல்லோருடையதும் வெட்டுப்பட்டு, அவருடையது மட்டும் முழுசாகக் கப்பல் ஏறினால், அந்தத் தெருவில் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது. தன் வேலையைத் தானே வெட்டிப் போட்டால்தான் அவருடைய பேச்சு பிழைக்கும். அவரிடம் இருந்த ஒரே வழி அது.

நான் குறுக்கே போய் நின்றேன். "பாஸ் ஆன பீஸ் கம்பெனியுதும்மா. அதுல கை வைக்கக் கூடாது" என்றேன்.

"நான் செஞ்சதுங்க."

"செஞ்சது நீங்கதான். இப்போ கம்பெனியுது."

செக்யூரிட்டியைக் கூப்பிட்டுச் சிவப்புக் கட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். பழனியம்மாளின் கையை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பிடித்துத் தள்ளியிருந்தால்கூடத் தெருக்காரர்களில் யாராவது அவர் பக்கம் நின்றிருப்பார்கள். மரியாதையாக, அம்மா அம்மா என்று சொல்லி, அவர் கையிலிருந்து வாங்கி வைத்தோம். சிவப்புக் கட்டுகள் மட்டும் பையரின் கடைகளில் காட்சிக்கு வைக்கக் கப்பலேறின. ஒன்றை முதலாளி நினைவுக்கென்று எடுத்து வைத்தார். அதுதான் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது. அந்த வருடக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

நீங்கள் வந்துபோன மறுநாள் நான் மடத்துக்குளத்துக்குப் பஸ் ஏறினேன். தெரு அதே தெருதான், பாதி வீடுகளில் பிளாஸ்டிக் கூடை பின்னுகிறார்கள். சின்னராசு என்னை அடையாளம் கண்டுகொண்டு, நாற்காலி எடுத்துப் போட்டு, மோர் கொடுத்தார். பழனியம்மாள் வீடு பூட்டியிருந்தது. திருப்பூரில் மகள் வீட்டோடு போய் வெகு காலம் ஆகிறது என்றார்.

"ஏன் போனாங்க?"

"மூங்கில் லோடு எல்லாரும் கூடித்தானுங்க எறக்குவோம். அப்பறம் அவங்களக் கூப்பிடலைங்க. சண்டையெல்லாம் இல்ல. வண்டி அவங்க வாசல்ல நிக்காது, அவ்வளவுதான்."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அளவு எடுத்ததில் தவறு என்னுடையது, உங்கள் நங்கையா எதையும் ஒளிக்கவில்லை, பெட்டியை மாற்றியிருந்தால் எல்லாமே போயிருக்கும், எனக்கு அது தெரிந்தே இருந்தது என்றேன். அவர் மோர்ச் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அது எங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்க சார்."

"தெரிஞ்சுமா?"

"உங்க மேல கோவப்பட்டா அடுத்த ஆர்டர் வராதுங்களே. அவங்க மேல கோவப்பட்டா என்னங்க போகுது? யார் மேலயாச்சும் படோணுமில்லீங்க." பிறகு, "அடுத்த ஆர்டரும் வரல" என்றார்.

பழனியம்மாளின் மகள் வீடு நல்லூரிலேயே இருக்கிறது. என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். ஒரு சின்னப் பனியன் யூனிட்டில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போகிறார். தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து எடுக்கும் வேலை. இத்தனை வருடமாக அவரும் நானும் ஒரே கடையில் பால் வாங்கியிருக்கலாம்.

என்னைப் பார்த்ததும் "வாங்க சார்" என்றார். உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. சின்னராசு சொன்னதையும் சொன்னேன். அவர்களுக்கு அன்றே தெரியுமாம் என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். படித்தவனின் மடத்தனம்.

"தெரியும்னு அவன் உங்ககிட்டச் சொல்லுவான். என்கிட்டச் சொல்லட்டும்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். மகள் டீ வைத்துவிட்டுப் போனார். பழனியம்மாள்தான் மறுபடி பேசினார்.

"அன்னிக்குப் போட்டா எடுத்தாங்களே, அந்த மொறம் என்னாச்சுங்க?"

"இருக்கு. கம்பெனியில கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க."

"முழுசாவா?"

"முழுசா."

அவர் முகம் இறுகியது. "அதக் கொண்டாங்க. எங்கூர்ல, என்ற தெருவுல உக்காந்து, அத்தன பேரு பாக்க நான் வெட்டோணும். அன்னிக்கு நீங்க உடல. இன்னிக்காச்சும் உடுங்க."

இத்தனை வயதான பிறகு எதற்கும்மா, இப்போது வெட்டி என்ன ஆகப்போகிறது என்று வாய்வரை வந்தது. அப்படிக் கேட்க எனக்குத் தகுதி இல்லை என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. "கொண்டாறேன்" என்றேன். "என் பொறுப்பு" என்று இந்த முறை சொல்லவில்லை.

நேற்று நிர்வாகத்திடம் கேட்டேன். மிக மரியாதையாகப் பேசினார்கள். அது நம் பாரம்பரியத்தின் அடையாளம் சார், விழாவில் அதன் முன்னால்தான் விளக்கேற்றுகிறோம், அதைப் போய் எப்படி எடுப்பது என்றார்கள். வேண்டுமானால் அந்த அம்மாவை மேடைக்கு வரவழைத்துச் சால்வை போர்த்தலாம் என்றார்கள். எனக்குப் போர்த்திய அதே சால்வை. நான் போனை வைத்துவிட்டேன்.

விழாவுக்கு நான் வர வேண்டும் என்றால், அதற்கு முன் அந்தப் பெட்டி காலியாக இருக்க வேண்டும். படத்தின் கீழே பெயர் போட நினைத்தால், அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் வேண்டாம் என்றால் படத்தையும் இறக்கிவிடுங்கள்.

அவசரமான நேரத்தில் எப்படி முடிவெடுப்பது என்று பேசத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்? எனக்கு அப்படி ஒரு நேரம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வழியும் தெரிந்திருந்தது. நான் கம்பெனி பக்கம் நின்றேன். இப்போது அந்த நேரம் உங்களுக்கு வந்திருக்கிறது: அந்த முறத்தை எடுத்து என்னிடம் கொடுங்கள். நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஒரு பொருளை எடுப்பது விதிப்படி தவறுதான். வேலைக்கே ஆபத்து வரலாம், அதை மறைத்து உங்களை இழுக்க மாட்டேன். நான்தான் கேட்டேன் என்று எந்த அறையில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், எழுதியும் கொடுக்கிறேன்.

பெட்டியின் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. அதன் சாவி எந்தக் கொத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வாரம் நீங்கள் காபி குடித்து முடிக்கும்வரை அது என் மேசைமேல்தான் கிடந்தது.